மூளைக்காயமும் மறுவாழ்வும்: சென்னை மருத்துவ வரலாற்றில் ஓர் இடைவெளி

சென்னை அரசுப் பொது மருத்துவமனையில் 1950இல் பா. இராமமூர்த்தி நரம்பியல் அறுவை மருத்துவத்தைத் தொடங்கினார். தலைக்காயமுற்றோர் உயிர்பிழைக்கும் வாய்ப்பு கூடிற்று. பிழைத்தவரை வீட்டில் பேணும் பொறுப்போ பெரிதும் குடும்பத்தினர்மீதே, குறிப்பாகப் பெண்கள்மீதே, விழுந்தது. 1985இல் தோன்றி, இன்று கோட்டூர்புரத்தில் இயங்கும் வித்யாசாகர் வேறொரு வழியைக் காட்டியது. பெருமூளை வாதமுற்ற குழந்தைகளுக்கு இயன்முறைப் பயிற்சி, பேச்சுப் பயிற்சி, கல்வி ஆகியவற்றை அது ஒருங்கே அளித்தது. அதுவும் மூளைக்காயமே, ஆயின் பெரும்பாலும் பிறப்பை ஒட்டியது. வளர்ந்தபின் சாலை விபத்தில் அடிபட்டவரின் நிலை வேறு. 1995ஆம் ஆண்டுச் சட்டம் 7 வகை மாற்றுத்திறனாளிகளையும், 2016ஆம் ஆண்டுச் சட்டம் 21 வகையினரையும் குறித்தன. விபத்தால் நேரும் மூளைக்காயம் இரண்டிலும் தனி வகையன்று. கைகால் முடக்கத்தை அளவிட்டுச் சான்றளிப்பது எளிது. நினைவுக் குறைவையும் கட்டுக்கடங்காச் சினத்தையும் அவ்வாறு அளவிட இயலாது. நடக்க முடிந்தும் பழைய வேலைக்குத் திரும்ப முடியாதவர் எவ்வகையில் விண்ணப்பிப்பார்?