சுசந்திகா ஜயசிங்க

சுசந்திகா ஜயசிங்க (பிறப்பு: 17 டிசம்பர் 1975) இலங்கையின் குறுந்தூர ஓட்ட வீராங்கனை, ஒலிம்பிக் பதக்கம் வென்ற முதல் இலங்கைப் பெண். கேகாலை மாவட்டத்தின் வரக்காப்பொலைப் பகுதியில் வறிய குடும்பமொன்றில் பிறந்தார். முறையான பயிற்சிக்கு வசதியில்லாத ஊர் அது. பின்னர் இலங்கை இராணுவத்தில் சேர்ந்து ஓடினார்.

உலகம் அவரைக் கவனித்தது 1997இல், ஏதென்ஸ் உலக மெய்வல்லுநர் போட்டியில். 200 மீற்றர் இறுதியில் உக்ரைனின் ஷன்னா பின்டுசேவிச் 22.32 செக்கன்களில் முந்த, சுசந்திகா 22.39 செக்கன்களில் வெள்ளி பெற்றார். மூன்றாவதாக வந்தவர் அத்தூரத்தின் நடப்புச் சாம்பியனான ஜமெய்க்காவின் மெர்லின் ஒட்டி. அவரது நேரம் 22.40. செக்கனில் நூறில் ஒரு பங்கு என்பது அந்த வேகத்தில் ஏறத்தாழ 9 சென்ரிமீற்றர், அரைச் சாண்கூட இல்லை. 21 வயதில், பேர்போன ஒருவரை அந்த இடைவெளியில் பின்தள்ளியதை, பின்னர் வந்த சிட்னி ஒலிம்பிக் பதக்கத்துக்குச் சற்றும் குறையாத சாதனையாகவே கொள்ள வேண்டும்.

1998இல் ஊக்கமருந்துப் பரிசோதனையில் சிக்கி இடைநிறுத்தப்பட்டார். பின்னர் குற்றச்சாட்டிலிருந்து விடுவிக்கப்பட்டார்.

2000 செப்டெம்பர் 28 அன்று நடந்த சிட்னி ஒலிம்பிக் 200 மீற்றர் இறுதியில் அரங்கு நிறைந்த ஆரவாரம் கதி ஃப்ரீமனுக்கே. உள்ளூர் நாயகியான அவர் 400 மீற்றரில் தங்கம் வென்று மூன்று நாள்தான் ஆகியிருந்தது. ஆயினும் இப்போட்டியில் பதக்க வரிசைக்குள் அவரால் வர முடியவில்லை. அமெரிக்காவின் மரியன் ஜோன்ஸ் 21.84 செக்கன்களில் தனியே போய்விட்டார். பஹாமாஸின் போலின் டேவிஸ்-தொம்சன் 22.27, சுசந்திகா 22.28. ஏதென்ஸில் கைகொடுத்த அதே நூறில் ஒரு பங்கு இம்முறை எதிராக விழுந்தது. வெண்கலம் என்றாலும், 1948இல் லண்டனில் டங்கன் வைற் 400 மீற்றர் தடைதாண்டலில் வெள்ளி வென்றபின் 52 ஆண்டுகள் கழித்து இலங்கைக்குக் கிடைத்த ஒலிம்பிக் பதக்கம் அது.

ஊக்கமருந்து பாவித்ததை ஜோன்ஸ் 2007இல் ஒப்புக்கொண்டார். அவரது சிட்னிப் பதக்கங்கள் பறிக்கப்பட்டன. 2009 டிசம்பரில் சர்வதேச ஒலிம்பிக் குழு வரிசையைத் திருத்தியபோது சுசந்திகாவின் வெண்கலம் வெள்ளியானது. ஓடி ஒன்பது ஆண்டுகள் கழிந்த பின், மேடையும் கொடியும் இல்லாமல் வந்த வெள்ளி அது.

இடைப்பட்ட காலத்தில் 2002 பூசான் ஆசிய விளையாட்டுப் போட்டியில் 100 மீற்றர் தங்கம் பெற்றார். 2007இல் ஒசாகா உலகப் போட்டியில், 31 வயதில், 200 மீற்றரை 22.63 செக்கன்களில் முடித்து வெண்கலம் வென்றார். அலிசன் ஃபீலிக்ஸ், வெரோனிக்கா கேம்பல் ஆகிய அடுத்த தலைமுறையினர் இருவர் மட்டுமே அன்று அவரை முந்தினர். உலகப் பதக்கம் ஒன்றுக்கும் மற்றொன்றுக்கும் இடையே பத்து ஆண்டுகள் என்பது குறுந்தூர ஓட்டத்தில் அரிது.

பணமுடை காரணமாக ஒலிம்பிக் பதக்கத்தை விற்கப்போவதாக 2017இல் அவர் அறிவித்தது நாட்டில் பெரும் பேச்சானது.