ஒரே ரோடு, ரெண்டு கேம்பஸ்

"கிண்டி காலேஜா, ஐஐடியா? எங்க லைஃப் நல்லா இருக்கும்?" போன வாரம் நிறைய பேர் கேட்ட கேள்வி இது. (ரேங்க்தான் முடிவு பண்ணும்னு சொல்லாதீங்க, தெரியும்.)

ரெண்டுக்கும் நடுவுல சர்தார் படேல் ரோடு மட்டும்தான். ஆனா பிறப்பே வேற. 1794-ல நிலம் அளக்க கம்பெனிக்கு ஆள் தேவைப்பட்டது. அதுக்காக எட்டு மாணவர்களோட கோட்டை பக்கத்துல தொடங்கிய சர்வே ஸ்கூல்தான் பின்னாடி கிண்டி இன்ஜினியரிங் காலேஜ் ஆச்சு. கிண்டிக்கு வந்தது 1920-ல. இன்னிக்கும் அங்க டே ஸ்காலர்ஸ் அதிகம். சாயங்காலம் ஆனா பாதி கூட்டம் பஸ் ஸ்டாப்ல நிக்கும்.

ஐஐடி 1959-ல, மேற்கு ஜெர்மனி உதவியோட, கிண்டி காட்டுல ஒரு பகுதியை எடுத்துக் கட்டியது. எல்லாரும் உள்ளேயே தங்கணும்ங்கிறதுதான் ஆரம்பத்துலேருந்தே பிளான். ஹாஸ்டலுக்கு காவேரி, நர்மதானு நதிகளோட பேரு. திறந்தவெளி தியேட்டர்ல படம். ரோட்டுல மான். கிளாஸ் முடிஞ்ச பிறகுதான் அங்க நாளே தொடங்குது.

அதனால காலேஜ் பார்க்கப் போனா காலைல போகாதீங்க, ராத்திரி எட்டு மணிக்கு கேட்டுக்குப் போங்க. நான் வேறொரு காலேஜ்ல டே ஸ்காலர். நாலு வருஷத்துல ஒரு கல்ச்சுரல்ஸ் நைட்கூட முழுசா பார்த்ததில்ல. மெயின் பேண்ட் மேடை ஏறும்போது நான் கடைசி ட்ரெயினுக்கு ஓடிட்டு இருப்பேன்.