சூலகம் காக்கும் ஆய்வும் ஒரு சனிக்கிழமை வகுப்பும்

பெண் குழந்தை பிறக்கும்போதே அவளது சூலகங்களில் பத்து முதல் இருபது இலட்சம் முட்டைகள் இருக்கும். ஒவ்வொன்றும் புடைப்பு எனப்படும் சிறு உறையினுள் உறங்கும். பூப்படையும்போது எஞ்சுபவை சில இலட்சம். வாழ்நாளில் முதிர்ந்து வெளிவருபவை ஏறத்தாழ 400 மட்டுமே. புற்றுநோய்க்கான இரசாயனச் சிகிச்சையும் கதிர்ச் சிகிச்சையும் இக்கையிருப்பை அழித்துவிடக்கூடும். உயர்தர வகுப்பில் படம் கீறிப் படித்த சூலகத்தின் பெறுமதியை, எம்மில் மருத்துவரானோர் நோயாளர் விடுதிகளிலேயே முழுமையாக உணர்ந்தோம்.

இக்கையிருப்பைக் காக்க உழைத்தவர்களுள் அமெரிக்கப் பேராசிரியர் திரேசா வூட்ரஃப் முதன்மையானவர். 1963இல் பிறந்த இவர், நோர்த்வெஸ்டேர்ன் பல்கலைக்கழகத்தில் 1989இல் கலாநிதிப் பட்டம் பெற்றார். கலிபோர்னியாவின் ஜெனென்டெக் நிறுவனத்தில் பணியாற்றியபின் 1995இல் அதே பல்கலைக்கழகத்துக்கு மீண்டார். சூலக ஓமோன்களான இன்ஹிபினும் அக்டிவினுமே அவரது தொடக்க ஆய்வுப்பொருள்.

புற்றுநோய் கண்ட இளைஞனுக்கு விந்தை உறையவைத்துச் சேமிக்கும் வசதி ஏற்கெனவே இருந்தது. அதே நோய் கண்ட இளம்பெண்ணுக்கோ வழிகள் சொற்பம். அவளிடம் அதுபற்றிப் பேசியோரும் சிலரே. இந்த வேறுபாட்டைக் கண்ட வூட்ரஃப், புற்றுநோய் மருத்துவத்தையும் கருவளத்தையும் இணைத்து 2006இல் 'ஒன்கோபெர்ட்டிலிட்டி' எனும் பெயரை உருவாக்கினார். தனித்தனியே இயங்கிய இரு துறையினர், சிகிச்சை தொடங்குமுன் ஒன்றுகூடி ஆலோசிக்க வேண்டும் என்பதே அதன் சாரம்.

அதே ஆண்டில் அவரது குழுவினர், கடற்பாசியிலிருந்து பெறும் அல்ஜினேற் கூழினுள் சுண்டெலியின் புடைப்புகளை வளர்த்து, அம்முட்டைகளிலிருந்து உயிருள்ள குட்டிகளைப் பெற்றனர். 2017இல் முப்பரிமாண முறையில் அச்சிட்ட ஜெலற்றின் சட்டகத்தில் புடைப்புகளை வைத்துச் செயற்கைச் சூலகம் செய்தனர். அதைப் பொருத்திய சுண்டெலிகளும் ஈன்றன. மனிதருக்கு இம்முறைகள் இன்னும் ஆய்வு நிலையிலேயே உள்ளன. ஆனால், சூலக இழையத்தை உறையவைத்து, குணமானபின் மீளப் பொருத்தும் முறையில் 2004இல் பெல்ஜியத்தில் குழந்தை பிறந்தது. இன்று அம்முறை பல நாடுகளில் நடைமுறையில் உள்ளது.

பெண்கள் கல்லூரியின் பழைய மாணவிகளாகிய எம்மைக் கவர்வது இன்னொன்று. 2007இல் சிக்காகோ நகரின் பெண்கள் பாடசாலை ஒன்றின் மாணவிகளுக்கு அவர் சனிக்கிழமை வகுப்பு ஆரம்பித்தார். முன்னணி விஞ்ஞானிகளின் ஆய்வுகூடத்தில் அச்சிறுமியர் தம் கையால் பரிசோதனை செய்தனர்.

சகோதரிகளே, எந்த நாட்டில் வாழ்ந்தாலும் இதை மனங்கொள்வோம்: எம் உறவில் ஓர் இளம்பெண்ணுக்குப் புற்றுநோய்ச் சிகிச்சை தேவைப்பட்டால், முதல் மருந்து ஏறுமுன் அவளது கருவளம் பற்றியும் வைத்தியரிடம் கேட்போம். அவள் கூச்சத்தாலோ பயத்தாலோ கேட்காதிருக்கலாம். அவளுக்காக நாம் கேட்போம்.