நீலம் சஞ்சீவ ரெட்டியின் ஏற்றமும் ஒதுக்கமும்

இந்தியக் குடியரசுத் தலைவர் தேர்தலில் ஒரு முறை தோற்று, பின்னர் அதே பதவிக்குப் போட்டியின்றித் தேர்வானவர் நீலம் சஞ்சீவ ரெட்டி ஒருவரே. அனந்தப்பூர் மாவட்டத்து இல்லூரில் 1913-இல் பிறந்த அவர், 1956-இல் உருவான ஆந்திரப் பிரதேசத்தின் முதல் முதலமைச்சராகி, 1960-இல் காங்கிரஸ் தலைவர் பொறுப்பையும் ஏற்றார். 1967-இல் மக்களவைத் தலைவரானதும், அவை நடத்துபவர் கட்சிச் சார்பற்றவராக இருத்தல் வேண்டும் என்று கருதிக் கட்சி உறுப்பினர் நிலையையே துறந்தார்.

குடியரசுத் தலைவர் ஜாகிர் உசேன் 1969 மே மாதம் மறைந்தபின், காமராசர், நிஜலிங்கப்பா முதலிய காங்கிரஸ் மூத்த தலைவர்களைக் கொண்ட ‘சிண்டிகேட்’ அணி ரெட்டியை வேட்பாளராக்கியது. அவர் வென்றால் தம் பிடி தளரும் என அஞ்சிய பிரதமர் இந்திரா காந்தி, மனச்சாட்சிப்படி வாக்களிக்குமாறு கட்சியினரைக் கேட்டுக்கொண்டதால், சுயேச்சையாக நின்ற வி.வி. கிரியின் கை ஓங்கியது. இத்தேர்தலில் வாக்காளர்கள் வேட்பாளர்களை 1, 2, 3 என வரிசைப்படுத்துவர். முதல் விருப்ப வாக்குகளால் எவருக்கும் பாதிக்கு மேல் கிட்டாவிடில், குறைவாகப் பெற்றவர்கள் நீக்கப்பட்டு, அவர்களது வாக்குகள் அடுத்த விருப்பத்தின்படி மற்றவர்களுக்குச் சேரும். அவ்வாறு எண்ணிய முடிவில் கிரி 4,20,077 வாக்கு மதிப்பும் ரெட்டி 4,05,427 வாக்கு மதிப்பும் பெற்றனர். அவ்வாண்டின் இறுதிக்குள் காங்கிரசும் பிளவுபட்டது.

அதன்பின் அனந்தப்பூரில் வேளாண்மையில் ஈடுபட்டிருந்த ரெட்டி, 1977-இல் நந்தியால் தொகுதியில் ஜனதா கட்சி சார்பில் வென்று, ஆந்திரத்தில் காங்கிரஸ் வெல்லத் தவறிய ஒரே தொகுதிக்கு உரியவரானார். அவ்வாண்டே நடந்த குடியரசுத் தலைவர் தேர்தலில் 37 வேட்புமனுக்களுள் 36 தள்ளுபடியாக, அவர் போட்டியின்றித் தேர்வானார். எனினும், 1979-இல் பிரதமர் மொரார்ஜி தேசாய் விலக, அடுத்து வந்த சரண் சிங்கும் மக்களவையைச் சந்திக்காமலே பதவி விலகியபோது, ஜனதா தலைவர் ஜெகஜீவன் ராமை ஆட்சியமைக்க அழைக்காமல் ஆகஸ்ட் 22 அன்று அவர் அவையைக் கலைத்தார். இதனால் ஜனதாவின் கடுஞ்சினத்துக்கு ஆளான அவருக்கு, 1980-இல் ஆட்சிக்கு மீண்ட இந்திராவிடமும் அரசியல் நெருக்கம் இல்லை. 1982-இல் பதவிக்காலம் முடிந்தபின் பொதுவாழ்விலிருந்து ஒதுங்கி, 1996-இல் பெங்களூரில் காலமானார்.

கட்சிச் சார்பைத் துறந்தது அவர் ஏறிய பதவிகளுக்குத் தகுதியைத் தந்தது. பதவி முடிந்தபின் அவர் பெயரை ஏந்திச் செல்ல ஒரு கட்சியும் இல்லாமற்போனதற்கும் அதுவே காரணமாயிற்று.