டப்ளின் நெசவாளருக்கு வட்டியில்லாக் கடன்

கலிவரின் கதையை எழுதிய ஜோனதன் சுவிப்ற் என்பாரை நேயர்கள் அறிவர். டப்ளின் நகரத்து ஏழைத் தொழிலாளருக்கு அவர் கடன் கொடுத்த வரலாற்றை அறிந்தோர் சிலரே. 1713இல் அவர் புனித பற்றிக் பேராலயத் தலைவரானார். பேராலயத்தைச் சூழ்ந்த தெருக்களில் நெசவாளர் நலிந்திருந்தனர். அயர்லாந்துக் கம்பளித் துணி பிறநாடு செல்லாதவாறு ஆங்கிலப் பாராளுமன்றம் 1699இல் விதித்த தடை அதற்கொரு பெருங் காரணம்.

சுவிப்ற் தமது பணத்தில் 500 பவுணை ஒதுக்கி, ஐந்தும் பத்துமாகத் தொழிலாளருக்கு வழங்கினார். வட்டி இல்லை, வாரந்தோறும் இரண்டு அல்லது நான்கு சிலிங் கட்டித் தீர்த்தல் வேண்டும். தவணை தவறினோரை அவர் வழக்குக்கு இழுத்தார் என்றும், இரக்கமற்றவர் என்றும் சாமுவேல் ஜோன்சன் குறைகூறினார். அக்குறை முற்றும் நியாயமானதன்று. திரும்பி வரும் சிலிங்கன்றோ அடுத்த ஏழைக்குரிய முதல்! அடுத்த நூற்றாண்டில் அயர்லாந்தெங்கும் எழுந்த கடன் நிதிச் சங்கங்கள் வாரத் தவணையைக் கைக்கொண்டன. சிறிது வட்டியும் வாங்கின.