நீரிழிவு இரைப்பைவாதம்: நோயாளியை வீட்டில் பராமரித்தல்

நீரிழிவு இரைப்பைவாதம் என்பது பல ஆண்டு நீரிழிவால் இரைப்பையின் நரம்புகள் பழுதுபட்டு, வழியில் அடைப்பு ஏதும் இல்லாமலே உணவு சிறுகுடலுக்கு இறங்கத் தாமதமாகும் நோய். மருத்துவமனைகளில் இதைக் ‘கேஸ்ட்ரோபரேசிஸ்’ என்பார்கள். முதல் வகை நீரிழிவு உள்ளவர்களிடமும் பெண்களிடமும் கூடுதலாகக் காணப்படுகிறது. 1958இல் மருத்துவர் பால் கசாண்டர் நீரிழிவு நோயாளிகளின் இந்த நிலையை விவரித்துப் பெயரிட்டார். முற்றிய நிலையில், நோயாளியுடன் வாழும் குடும்பத்தினரின் அன்றாடமும் இதைச் சுற்றியே அமைந்துவிடுகிறது.

இரைப்பையின் கீழ்ப்பகுதி நிமிடத்துக்கு சுமார் மூன்று முறை சுருங்கி, திட உணவை ஓரிரு மில்லிமீட்டர் துகள்களாக அரைத்த பிறகே குடலுக்கு அனுப்புகிறது. இந்தச் சுருக்கத்துக்குத் தாளம் தருபவை காஹால் உயிரணுக்கள். கட்டளை கொண்டு வருவது வேகஸ் நரம்பு. நீரிழிவு இரண்டையும் கெடுக்கிறது. நீர்ம உணவை அரைக்க வேண்டியதில்லை என்பதால், சோறு தங்காத நோயாளிக்கும் கஞ்சி பெரும்பாலும் இறங்கிவிடும். இரத்தச் சர்க்கரை ஏறினாலே இரைப்பை இன்னும் மந்தமாகும் என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும்.

அறிகுறியும் கண்டறிதலும்

நாலு வாய் சாப்பிட்டதும் வயிறு நிறைந்துவிடுதல், உப்புசம், குமட்டல், எதுக்களித்தல், மேல்வயிற்று வலி, வாந்தி, எடைக்குறைவு ஆகியவை முக்கிய அறிகுறிகள். காலையில் தின்ற பீன்ஸ் பொரியலின் துண்டு இரவு வாந்தியில் அப்படியே வந்து விழுந்தால், இரைப்பை அரைக்கவில்லை என்று பொருள். இதைப் பார்ப்பவர் பெரும்பாலும் உடனிருக்கும் உறவினர்தான்; மருத்துவரிடம் சொல்ல வேண்டிய முதல் தகவலும் இதுவே.

அடைப்போ புண்ணோ இல்லை என்று உறுதிசெய்ய முதலில் எண்டோஸ்கோப்பி செய்வார்கள். அது நன்றாக இருக்கிறது என்று அறிக்கை வந்த நாளிலிருந்தே ‘எல்லாம் மனசுதான்’ என்ற பேச்சு பல வீடுகளில் தொடங்கிவிடுகிறது. நோயாளியை இதைவிடத் தனிமைப்படுத்துவது வேறில்லை. எண்டோஸ்கோப்பி இரைப்பையின் சுவரைக் காட்டும், அதன் வேகத்தை அளக்காது. வேகத்தை அளப்பது ஸ்கேன். சிறிதளவு கதிரியக்கப் பொருள் கலந்த முட்டை வெள்ளைக்கருவை ரொட்டி, ஜாமுடன் கொடுத்து நான்கு மணி நேரம் படமெடுப்பார்கள். நான்காம் மணி முடிவில் 10 விழுக்காட்டுக்கு மேல் உணவு இரைப்பையில் எஞ்சியிருந்தால் நோய் உறுதி. முட்டை சாப்பிடாதவர்கள் முன்கூட்டியே தெரிவிக்க வேண்டும்.

உணவு

குடும்பத்தினருக்குக் கடினமான பகுதி இதுதான். கீரை, முழுதானியம், தோலோடு பழம், பச்சைக் காய்கறி என்று நீரிழிவுக்காகப் பல ஆண்டுகள் பழகிய பத்தியத்தில் பெரும்பகுதியை இங்கே மாற்ற வேண்டியிருக்கிறது. நார்ச்சத்தும் கொழுப்பும் இரைப்பையை மேலும் தாமதப்படுத்தும். வாழைத்தண்டு, முருங்கைக்காய், கீரைத்தண்டு, ஆரஞ்சுச் சுளையின் சக்கை போன்றவை வெளியேறாமல் தேங்கி உருண்டையாகத் திரண்டுவிடவும் கூடும். குழைந்த சோறு, இட்லி, இடியாப்பம், வடிகட்டிய பருப்புத் தண்ணீர், வெண்ணெய் எடுத்த மோர், தோல் சீவி மசித்த காய் ஆகியவை பெரும்பாலானவர்களுக்கு ஒத்துப்போகின்றன. மூன்று வேளைச் சாப்பாட்டை ஐந்தாறு சிறு வேளைகளாகப் பிரிக்க வேண்டும். சாப்பிட்ட பின் ஓரிரு மணி நேரம் படுக்காமல் நிமிர்ந்து உட்காரவோ மெல்ல நடக்கவோ செய்தால் நல்லது. குழைந்த சோறும் கஞ்சியும் சர்க்கரையை வேகமாக ஏற்றக்கூடும் என்பதால், உணவியல் நிபுணரின் கணக்கு இல்லாமல் இந்த மாற்றத்தைச் செய்யக்கூடாது.

‘இன்னும் ஒரு வாய்’ என்று வற்புறுத்தும் பாசம் இந்நோயில் வாந்தியில்தான் முடியும். தட்டில் மிச்சம் வைப்பதை உறவினர் தங்கள் மீதான கோபமாக எடுத்துக்கொள்ளக்கூடாது.

இன்சுலினும் சர்க்கரையும்

சாப்பாட்டுக்கு முன் போட்ட இன்சுலின் வேலையைத் தொடங்கிவிடும். உணவோ இரைப்பையிலேயே கிடக்கும். சர்க்கரை சட்டென்று இறங்குவதும், பல மணி நேரம் கழித்துக் காரணமே இல்லாததுபோல் ஏறுவதும் இதனால்தான். அப்போது ‘திருட்டுத்தனமாக இனிப்புச் சாப்பிட்டாயா’ என்று கேட்பது அநியாயம். ஊசியைச் சாப்பாட்டுக்குப் பின் போடுவதா, பிரித்துப் போடுவதா என்பதை மருத்துவரே முடிவுசெய்வார். அதற்கு அவருக்குத் தேவை ஒரு நோட்டு: சாப்பிட்ட நேரம், அளவு, ஊசி, வாந்தி, குளுக்கோமீட்டர் எண். பராமரிப்பவர் எழுதும் இந்த நோட்டு மருந்துக்கு இணையான மதிப்புள்ளது.

சர்க்கரை 70க்குக் கீழே போனால் மூன்று தேக்கரண்டி சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் கொடுத்து, 15 நிமிடத்தில் மீண்டும் பார்க்க வேண்டும். பிஸ்கட், சாக்லேட் இந்த நேரத்துக்கு உதவாது. நினைவு தப்பினால் வாயில் எதையும் ஊற்றாமல் ஒருக்களித்துப் படுக்கவைத்து, குளுக்ககான் ஊசி இருந்தால் போட்டு, 108ஐ அழைக்க வேண்டும்.

வாந்தி நிற்காத நாளில், சாப்பிடவில்லையே என்று முதல் வகை நோயாளியின் இன்சுலினை அடியோடு நிறுத்துவது ஆபத்து. கீட்டோன் பெருகி உயிருக்கே உலை வைக்கும். தண்ணீர்கூடத் தங்காவிட்டாலும், சிறுநீர் குறைந்தாலும், மூச்சு ஆழமாக வாங்கினாலும், வாந்தியில் இரத்தம் தெரிந்தாலும் காத்திருக்காமல் மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும். நோயின் பெயர், மருந்துகள், இன்சுலின் அளவு ஆகியவற்றை ஒரே தாளில் எழுதிப் பையில் வைத்திருந்தால், நள்ளிரவு அவசரப் பிரிவில் முதலிலிருந்து விளக்க வேண்டியிராது.

மருந்தும் மேல்சிகிச்சையும்

மெட்டோகுளோபிரமைடு இரைப்பையை முடுக்கும் மருந்து. நீண்ட நாள் எடுத்தால் உதடு, நாக்கு, முகத்தில் தானாக அசைவு வரக்கூடும் என்று அமெரிக்க மருந்து ஆணையம் 2009இல் கடும் எச்சரிக்கை சேர்த்தது. 12 வாரத்துக்கு மேல் பொதுவாகத் தருவதில்லை. அந்த அசைவு நோயாளிக்கே தெரியாமல் இருக்கலாம். எதிரே உட்கார்ந்திருப்பவர் கண்ணில்தான் முதலில் படும். டாம்பெரிடோன் இதயத் துடிப்பைப் பாதிக்கக்கூடும் என்பதால் இசிஜி பார்த்தே தருவது நல்லது. எரித்ரோமைசின் சில வாரங்களில் பலன் குறைந்துவிடும். செமாகுளூடைடு, லிராகுளூடைடு போன்ற நீரிழிவு மருந்துகளும் ஓபியம் வகை வலிநிவாரணிகளும் இரைப்பையை மந்தப்படுத்துபவை. இவை மருந்துச்சீட்டில் இருந்தால் மருத்துவரிடம் கேட்டே ஆக வேண்டும்.

மருந்துக்குக் கட்டுப்படாதவர்களுக்கு இரைப்பையில் மின்தூண்டி பொருத்துவதும், எண்டோஸ்கோப்பி வழியே இரைப்பையின் கீழ்வாய்த் தசையை வெட்டித் தளர்த்துவதும் உண்டு. எடை தொடர்ந்து குறைந்தால் இரைப்பையைத் தாண்டிச் சிறுகுடலுக்கே குழாய் வைத்து ஊட்டுவார்கள். வீட்டில் குழாய் வழியே ஊட்டுபவர் ஒவ்வொரு முறையும் கைகழுவி, முன்னும் பின்னும் மருத்துவமனையில் சொன்ன அளவு தண்ணீர் செலுத்திக் குழாயைக் கழுவ வேண்டும். குழாய் நழுவினால் தாமே திரும்பச் செருக முயலாமல், வயிற்றில் குழாய்க்காக இட்ட துவாரம் சுருங்கத் தொடங்குமுன் அதே நாளில் மருத்துவமனைக்குப் போக வேண்டும்.