அறிவியல் வரலாறும் இட்டுக்கட்டிய கதைகளும்

நியூட்டனின் தலையில் ஆப்பிள் விழுந்த கதையைக் கேட்டறியாதார் அரியர். முதுமையில், 1726ஆம் ஆண்டு ஏப்ரலில், ஆப்பிள் மர நிழலில் அமர்ந்து தம் நண்பர் ஸ்டூக்லியிடம் அவர் உரையாடியது உண்மை. கனியொன்று விழக் கண்டபோதே ஈர்ப்பு விசை பற்றிய சிந்தனை எழுந்தது என்று அவர் கூறியதும் உண்மை. ஆனால் அக்கனி தலையில் விழுந்ததாக அவர் சொல்லவில்லை. அது பிற்காலத்தார் சேர்த்தது. பைசா கோபுரத்திலிருந்து கலீலியோ குண்டுகளை வீழ்த்திய கதையும் இத்தகையதே. அவர் மறைந்தது 1642இல். மாணவர் விவியானி அதனை எழுதியது 1654இல். கலீலியோ தம் நூல்களில் அதனைக் குறிப்பிடவில்லை.

பிறர் வீட்டுக் கதைகளைச் சலித்துப் பார்க்கும் நாம், நம் வீட்டுக் கதைகளையும் அதே சல்லடையில் இட வேண்டாமா?

மீலாது மேடைகளில் குர்துபாவின் அறிஞர் அப்பாஸ் இப்னு ஃபிர்னாஸ் போற்றப்படுகிறார். 887இல் மறைந்த அவர் இறக்கை கட்டிப் பத்து நிமிடம் பறந்தார் என்பாரும் உளர். அந்நிகழ்ச்சியை விரித்துரைக்கும் அல்மக்கரீ 1632இல் மறைந்தவர். இடைவெளி ஏழு நூற்றாண்டுக்கும் மேல். இப்னு ஃபிர்னாஸின் காலத்துக் கவிஞர் ஒருவர் அவர் இறகு அணிந்ததைச் சுட்டிப் பாடியிருத்தலால், செய்தியை அடியோடு தள்ளவும் இயலாது. சற்றுத் தொலைவு பறந்தார். பறவை வாலைக் கொண்டே தரையிறங்குகிறது என்பதை உணராமையால் முதுகில் அடிபட்டார் என்பதே அல்மக்கரீ தரும் செய்தி. நேரக் கணக்கு அதில் இல்லை. அதை இட்டுக்கட்டியவர் யாரோ!

பஸராவில் பிறந்த இப்னுல் ஹைதமின் வரலாறும் நோக்கத்தக்கது. நைல் வெள்ளத்தைக் கட்டுப்படுத்த வந்து, அது இயலாதெனக் கண்டு, கலீஃபா அல்ஹாக்கிமின் சினத்துக்கு அஞ்சிப் பித்தராக நடித்தார் என இப்னுல் கிஃப்தீ எழுதினார். அவரோ 1248இல் மறைந்தவர். ஏறத்தாழ 1040இல் மறைந்த இப்னுல் ஹைதமுக்கு இரு நூற்றாண்டு பிந்தியவர். அடைபட்ட அறையின் துவாரத்தில் ஒளி நுழையக் கண்டே ஒளியியல் பிறந்தது என்பதோ அவ்வரலாற்றிலும் இல்லாத புனைவு.

உண்மை இதனினும் சுவையானது. சிறு துவாரத்தின் எதிரே பல விளக்குகளை வரிசையாக வைத்தார் அவர். இருளறைச் சுவரில் ஒவ்வொரு விளக்குக்கும் ஓர் ஒளிப்பொட்டு தோன்றியது. ஒரு விளக்கை மறைத்தால் அதற்குரிய பொட்டு மட்டுமே மறைந்தது. ஒளிகள் நேர்க்கோட்டில் செல்கின்றன; துவாரத்தில் ஒன்றையொன்று கடந்தும் கலப்பதில்லை என்று நிறுவினார். 'கிதாபுல் மனாழிர்' என்னும் அவருடைய நூலின் லத்தீன் பெயர்ப்பு 1572இல் பாஸல் நகரில் அச்சேறியது. முன்னோர் சொன்னதாலேயே ஒன்றை ஏற்காதவர் அவர். தாலமியின் கருத்துகளை ஐயுற்றுத் தனி நூலே இயற்றினார். ஐயத்தைக் கருவியாகக் கொண்ட அவருக்கு ஆதாரமற்ற புகழ்மாலை சூட்டுவது பெருமையாகுமா?

செய்தியைச் சோதிக்கும் கலையை நாம் புதிதாகக் கற்க வேண்டியதில்லை. இப்னு ஃபிர்னாஸ் வாழ்ந்த அதே நூற்றாண்டில், 870இல் மறைந்த இமாம் புகாரீ, அறிவிப்பவரும் அவர் யாரிடமிருந்து அறிவிக்கிறாரோ அவரும் நேரில் சந்தித்தமைக்குச் சான்று கேட்டார். யார் சொன்னார், அவருக்கு யார் சொன்னார் என்னும் கேள்வியை நம் மதரஸாக்களில் மாணவர் இன்றும் பயில்கின்றனர். மேடையில் மட்டும் அதனை மறந்துவிடலாமா?

பத்து நிமிடப் பறப்பு பொய்யெனப் பின்னொரு நாள் அறியும் நம் பிள்ளை, விளக்குச் சோதனையையும் பொய்யென்றே எண்ணிவிடக்கூடும். இட்டுக்கட்டிய ஒரு புகழால் உண்மையான புகழ் அனைத்தும் ஐயத்துக்கு உள்ளாகும். ஆதலின் பிள்ளைகளுக்குச் சொல்லும்போது, ஆதாரமுள்ளதை வரலாறென்றும் அல்லாததைக் கதையென்றும் பிரித்தே சொல்வோமாக.